அயர்லாந்துத் தட்டான்

1

இது ஒரு முன்னுரையாக இருந்திருக்க வேண்டியது. ‘அயர்லாந்து தேசத்து விநோதக் கதைகள்’ என்ற என்னுடைய புத்தகம் ஆறாம் பதிப்பு வரப்போகிறது, நாலு பக்கம் முன்னுரை எழுதிக் கொடுங்கள் என்று வேலூரில் அச்சகம் வைத்திருக்கும் ராஜகோபால் கேட்டார். உட்கார்ந்தேன். ‘என்னுடைய புத்தகம்’ என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது. பதினாலு வருஷமாகப் பள்ளிக்கூட விழாக்களில் மாலையைப் போட்டுக்கொண்டு கூசாமல் சொல்லிவந்த வார்த்தைதான். காகிதத்தில் பார்த்தபோது அதன்மேல் ஒரு கோடு போட்டேன்.

முன்னுரையைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை ஆரம்பித்தேன். ஆரம்பமும் ஒழுங்காக வரவில்லை. அடித்த ஆரம்பங்களை எல்லாம் அப்படியே விட்டுவைக்கிறேன், பாருங்கள்.

‘பாலாற்று மணலில் நிலவு காய்ந்துகொண்டிருந்தது. தூரத்தில் ஆம்பூர்...’

வேண்டாம். இந்தக் கதையில் நிலவு கிடையாது. ஆம்பூரில் தோல் பதனிடும் கிடங்குகளின் பின்பக்கம் மூக்கைப் பொத்தாமல் நிற்க முடியாது என்பதை மறைக்கத்தான் நாங்கள் நிலவைக் கூப்பிடுகிறோம்.

‘கனகராஜ் படிப்பு வாசனையே இல்லாத ஓர் ஏழைத் தொழிலாளி. அவன்...’

பச்சைப் பொய். மிஷன் பள்ளியில் எஸ்.எஸ்.எல்.சி. தேறியவர். இங்கிலீஷ் என்னைவிட நன்றாகத் தெரியும். அந்த ‘அவன்’ எப்படி வந்தது என்று கேட்காதீர்கள். கை தானாக எழுதியது.

‘நான் ஒரு மனிதரை ஏமாற்றினேன்.’

இது உண்மை. ஆனால் இப்படி ஆரம்பித்தால் கதை முழுக்க என்னைப் பற்றியதாகிவிடும். அவரிடமிருந்து இன்னொன்றையும் பிடுங்கிக்கொண்டது போல ஆகும். ஆகவே நான் ஓரமாக நிற்கிறேன், முடிந்தவரை.

2

கனகராஜ் ஆம்பூரில் ஜியாவுதீன் சாயபுவின் தோல் கிடங்கில் தரம் பிரிக்கிறவர். பதனிட்ட தோலை வெளிச்சத்தில் விரித்து, புறங்கையால் ஒரு தடவு தடவி, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று மூலையில் குறி போடுவார். அவர் போட்ட குறியைச் சென்னையில் ஏற்றுமதிக்காரர்கள் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்வார்கள். அதே ஏற்றுமதிக்காரர்கள் கிடங்குக்கு வந்தால் அவர் தொட்ட தம்ளரில் டீ குடிக்க மாட்டார்கள்.

நாற்பத்தெட்டில் வேலூரைக் காலி செய்துவிட்டுப் போன ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தன. சாயபு ஒரு தோல் பெட்டியை எடுத்துவந்தார். பெட்டியின் தோலுக்காகத்தான் எடுத்தார். அது எந்த ஊர்ப் பதனீடு என்று பார்க்க ஆசை. திறந்தால் உள்ளே புத்தகங்கள்.

“பெட்டி எனக்கு. உள்ள இருக்கற குப்பை உனக்கு. இங்கிலீஷ் தெரிஞ்சவன் நீ ஒருத்தன்தானே” என்றார்.

ஐந்து புத்தகங்கள். எல்லாம் அயர்லாந்தைப் பற்றியவை. அந்த அதிகாரி அயர்லாந்துக்காரராக இருந்திருக்கலாம், ஊர் ஞாபகம் வந்தபோதெல்லாம் எடுத்துப் புரட்டியிருக்கலாம். இரண்டு சரித்திரம், ஒன்று பாட்டுகள், ஒன்று யாரோ ஒரு பாதிரியார் கிராமம் கிராமமாக அலைந்தபோது எழுதிய கடிதங்கள். ஐந்தாவது, குடியானவர்கள் குளிர்காய்ந்தபடி சொன்ன கதைகளின் தொகுப்பு. கன்றுத்தோல் அட்டை. கனகராஜ் முதலில் அதைப் படிக்கவில்லை, முகர்ந்துதான் பார்த்தார். ‘ஓக் மரப்பட்டையில் பதனிட்டது. நம்ம ஆவாரம்பட்டை இல்லை’ என்று சொன்னாராம். பிறகுதான் பிரித்தார்.

3

கனகராஜ் அந்தச் சரித்திரத்தைப் படித்தபோது என்ன நினைத்தார் என்று ஒரு பத்தி எழுதியிருந்தேன். அழகான பத்தி. அவர் கண்ணில் நீர்கூட வந்தது. அடித்துவிட்டேன். அவர் கண்ணில் என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. அவர் செய்தது மட்டும் தெரியும். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் ஆவாரம்பட்டைக் குவியலின் நிழலில் உட்கார்ந்து, கூட வேலை செய்கிறவர்களுக்குப் படித்துத் தமிழில் சொல்ல ஆரம்பித்தார்.

நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த நாட்டில் உருளைக்கிழங்கு மண்ணுக்குள்ளேயே அழுகிப்போனது. அங்கே ஜனங்களுக்கு அதுதான் சோறு. ஆனால் நாட்டில் தானியம் இல்லாமல் இல்லை. வண்டி வண்டியாகத் துறைமுகத்துக்குப் போய்க்கொண்டிருந்தது, கூடவே துப்பாக்கிச் சிப்பாய்கள். ரோட்டோரம் செத்துக் கிடந்தவர்களின் வாய், புல்லைத் தின்று பச்சையாக இருந்தது. சும்மா கஞ்சி ஊற்றினால் சோம்பேறி ஆகிவிடுவான் என்று சர்க்கார் பட்டினி கிடந்தவர்களை ரோடு போடச் சொன்னது. எந்த ஊருக்கும் போகாத ரோடுகள். மலைமேல் பாதி தூரம் போய் அப்படியே நிற்குமாம்.

சுண்ணாம்புத் தொட்டியில் வேலை செய்யும் பூவம்மாள் இதைக் கேட்டுவிட்டு, “ரோடு போட்டவனுங்க அதுல நடந்தானுங்களா?” என்றாள்.

“எங்க நடக்கறது. பாதிப்பேர் செத்துட்டான்.”

“அப்ப நாங்க பஞ்சத்துல மாதனூராண்ட கல்லு சுமந்து போட்டோமே, அது தேவலை. அதுல பஸ்ஸாவது போவுது. நம்மள ஏத்தறானா இல்லையான்றது வேற.”

இன்னொரு நாள் வேறொன்று படித்தார். அந்த ஜனங்கள் பள்ளிக்கூடம் வைக்கக்கூடாது என்று ஒரு காலத்தில் சட்டம் இருந்தது. வாத்தியார்கள் வேலியோரமாக, புதர் மறைவில் உட்கார்ந்து பாடம் சொன்னார்கள். சிப்பாய் வருகிறானா என்று பார்க்க ஓர் ஆள் மேட்டில் நிற்பான். பூவம்மாள் பட்டைக் குவியலைத் திரும்பிப் பார்த்தாள். “நமக்கு இன்னா கொறச்சல்? வேலி கீது, வாத்தியார் கீறாரு. நீ எழுத்து சொல்லிக்குடு” என்றாள். அவளுக்கு அப்போது நாற்பது வயது. அன்றைக்கே ‘அ’ போட்டார்கள். பலகை கிடையாது. கழித்துப்போட்ட தோல் துண்டில் சுண்ணாம்பால் எழுதினார்கள்.

(வாசகருக்கு ஓர் ஓரக்குறிப்பு. அயர்லாந்தும் நாமும் ஒரே நுகத்தில் கட்டிய மாடுகள் என்று என் புத்தகத்தின் முதல் பதிப்பில் உருக்கமாக எழுதியிருக்கிறேன். ஆயிரத்தெண்ணூற்றாறில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது, ஆற்காட்டிலிருந்து குதிரையில் பறந்துவந்து அவர்களைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுத்தள்ளிய அதிகாரி பிறந்தது அயர்லாந்தில். இதை நான் எழுதவில்லை. தெரிந்தேதான் எழுதவில்லை. உருக்கம் கெட்டுவிடும்.)

4

இனி செருப்புத் தைக்கிறவன் கதை.

அந்த ஊர்க் குடியானவர்கள் வேலிக்குப் பின்னால் ‘டொக் டொக்’ என்று சுத்தியல் சத்தம் கேட்டால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்களாம். அங்கே முழங்கால் உயரத்துக் கிழவன் ஒருவன் உட்கார்ந்து செருப்புத் தைத்துக்கொண்டிருப்பான். எப்போது பார்த்தாலும் ஒற்றைச் செருப்புத்தான். தேவதைகளுக்கெல்லாம் அவன்தான் தைத்துக்கொடுப்பவன். தைத்துத் தைத்து அவன் சேர்த்த தங்கம் எங்கேயோ புதைந்திருக்கிறது. அவன்மேல் வைத்த கண்ணை எடுக்காதவரை அவன் தப்ப முடியாது, கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். ஒரு நொடி கண் நகர்ந்தால் ஆள் மாயம்.

இதைக் கேட்டுக் கிடங்கே சிரித்தது. “தோல் வேலை செய்றவன்கிட்ட தங்கமா!” என்றார்கள். பிறகு சிரிப்பு நின்றது. “அவனைத் தேடிக்கினு வர்றாங்களா? அவனாண்ட நின்னு பேசறாங்களா?” என்று பூவம்மாள் கேட்டாள். “ஆமா, கெஞ்சறாங்க” என்றார் கனகராஜ். திரும்பத் திரும்ப அந்தக் கதையையே சொல்லச் சொன்னாள்.

“இத புஸ்தகமா போடு. உன் பேரு போட்டு, இந்தக் கெழவன் படம் போட்டு. நானே எழுத்துக்கூட்டிப் படிக்கிறேன்” என்றாள். போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார் கனகராஜ். அதற்கு முன்னால் அவர் யாருக்கும் எதற்கும் வாக்குக் கொடுத்தவரல்ல என்று அவர் மனைவி தனபாக்கியம் பின்னால் பூவம்மாளிடம் சொன்னாளாம்.

நடுவில் ஒரு தப்பு நடந்தது. வேறு தொழில்காரர் யாரும் செய்யமாட்டாத தப்பு. கன்றுத்தோல் அட்டை காய்ந்து வெடிப்புவிட்டிருந்தது. காய்ந்த தோலைக் கண்டால் கனகராஜுக்குக் கை சும்மா இருக்காது. கிடங்கில் செய்வதுபோலப் புங்க எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, உள்ளங்கையால் தேய்த்து, வெயிலில் வைத்துவிட்டார். அட்டை பட்டாகிவிட்டது. எண்ணெய் கடைசிப் பக்கங்களுக்குள் இறங்கி, முன்பக்க எழுத்தும் பின்பக்க எழுத்தும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு ஒரு வரிகூடப் படிக்க முடியாமல் போனது. கடைசிக் கதை செருப்புத் தைக்கிறவன் கதைதான், அதை அவர் பாதிதான் படித்திருந்தார். ஜமீனின் ஏஜெண்டு ஒருவன் கிழவனைப் பிடித்துவிடுகிறான், வைத்த கண்ணை எடுக்கவில்லை. அதோடு நின்றுவிட்டது.

முடிவு இல்லாமல் மொழிபெயர்க்க முடியுமா? கனகராஜே எழுதினார். கிழவன் கெஞ்சவில்லை, ஏமாற்றவில்லை. “தங்கம் தர்றேன். தைச்சதை முடிச்சுட்டு எழுந்திரிக்கிறேன். அதுவரைக்கும் இந்தத் தோலோட இந்த முனையைக் கொஞ்சம் பிடிச்சுக்கங்க ஐயா” என்கிறான். ஏஜெண்டு தன் கையைப் பார்க்கிறான். அந்த ஒரு நொடி போதும். கிழவன் இல்லை.

அயர்லாந்தில் எந்த ஏஜெண்டும் தோலைத் தொடக் கூசியிருக்க மாட்டான் என்று கனகராஜுக்கும் தெரியும். தெரிந்துதான் எழுதினார்.

5

இங்கே நான் வந்துதான் ஆக வேண்டும்.

ஐம்பத்து மூன்று, ஆடி மாதம். நான் ராஜகோபாலின் அச்சகத்தில் புத்தகங்களைத் திருத்தி ஒழுங்குபடுத்தும் வேலையில் இருந்தேன். ராமமூர்த்தி என்றால் வேலூரில் நாலு பேருக்குத் தெரியும். கனகராஜ் காட்பாடியில் ரயிலை விட்டிறங்கி நடந்து வந்திருந்தார். மழைக்கு நனையாதிருக்க நோட்டுப் புத்தகத்தை மெல்லிய ஆட்டுத்தோலில் சுற்றி, அதை இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

“அப்படி மேஜைமேல வை” என்றேன்.

வைத்தார். நான் பென்சிலால் தோலை விலக்கி நோட்டை எடுத்தேன். [இந்தப் பென்சிலை எடுத்துவிடலாமா என்று மூன்று நாள் யோசித்தேன். இருக்கட்டும்.]

மழை விடும்வரை அவர் பேசிக்கொண்டிருந்தார். பெட்டி, எண்ணெய், பட்டைக் குவியல் எல்லாம் அன்றைக்குச் சொன்னதுதான். முடிவைத் தானே எழுதினதாகவும் ஒளிக்காமல் சொன்னார்.

“தப்பா சார்? இன்னாடா இவன் அயர்லாந்துக்காரன் கதையில கை வெக்கறான்னு...”

“பார்க்கறேன், பார்க்கறேன்.”

“என் பேரு உள்ள சின்னதா போட்டா போதும் சார். ஆனா போட்டுடணும். அங்க ஒருத்தங்க எழுத்துக்கூட்டிப் படிக்கக் காத்துனு இருக்காங்க.”

இரண்டே நாளில் படித்து முடித்தேன். இவ்வளவு நல்ல தமிழை அந்த அச்சகத்தில் அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. முடிவைப் படித்தபோது வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஏஜெண்டு யாரென்று புரிந்துவிட்டது, முகம் எரிந்தது.

6

“கதை ஜோர்” என்றார் ராஜகோபால். “ஆனா செருப்புத் தைக்கிறவன் கதாநாயகன்னா எந்த ஸ்கூல் கமிட்டி எடுத்துக்கும்? அட்டையிலேயே தள்ளிடுவான். தங்கம் வெச்சிருக்கான் இல்லே? தட்டான்னு போட்டுடுங்க. பொருத்தமாவும் இருக்கும்.”

(இந்த இடத்தில் நான் அவரோடு வாதாடியதாக ஒரு பக்கம் எழுதினேன். இலக்கியம், நியாயம் என்றெல்லாம் நன்றாகவே பேசியிருந்தேன். அடித்துவிட்டேன். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. “சரி” என்றேன், அவ்வளவுதான். அவர் மிரட்டவில்லை, எனக்கு வேலை போகும் பயமும் இல்லை.)

செருப்பு நகையானது. தோல் தகடானது. அப்புறம் கதையின் முடிவு இடித்தது. தங்கத்தைக் கொஞ்சம் பிடித்துக்கொள் என்றால் எவன் கூசப்போகிறான்? ஆகவே ஏஜெண்டு மனம் திருந்தித் தங்கத்தை ஏழைகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதாக நான் ஒரு முடிவு எழுதினேன். கமிட்டிக்காரர்களுக்கு அது மிகவும் பிடித்திருந்தது. நோட்டின் மேலேயே சிவப்பு மையால் திருத்தினேன், அதை வைத்தே அச்சுக் கோத்தார்கள்.

பெயர்? இத்தனை மாற்றியிருக்கிறேன், பாதிக்குப் பாதி என் எழுத்துத்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதியாவது, மண்ணாவது. ‘தமிழில்: ராமமூர்த்தி’ என்று வந்தது. கடைசிப் பக்கத்தில் ‘நகலெடுத்து உதவிய ஆம்பூர் நண்பருக்கு நன்றி’ என்று ஒரு வரி சேர்த்தேன். அந்த வரியைச் சேர்த்த அன்று என்னைப் பெரிய மனசுக்காரன் என்று நினைத்துக்கொண்டேன்.

7

புத்தகம் ஒரு பிரதி தபாலில் போனது. அதற்கப்புறம் கிடங்கில் நடந்ததை எனக்குச் சொன்னது பூவம்மாள், போன வருஷம் நான் ஆம்பூரில் ஒரு பள்ளிக்கூட விழாவுக்குப் போயிருந்தபோது.

மத்தியானம். தபால் கட்டைப் பிரிக்காமலே கனகராஜ் அவளிடம் கொடுத்தாராம். முதலில் பிரித்துப் படிப்பவள் அவளாக இருக்க வேண்டும் என்று. சுண்ணாம்பு அரித்த விரல்களை முந்தானையில் துடைத்துக்கொண்டு, பத்திருபது பேர் சுற்றி நிற்க, கடைசிக் கதையை எடுத்தாள். ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டாள்.

“ஒரு... ஊ...ரில்... ஒரு... தட்...டான்.”

நிறுத்தினாள். மறுபடியும் தொட்டுப் பார்த்தாள். தான்தான் தப்பாகப் படிக்கிறோம் என்று நினைத்தாளாம். மூன்று வருஷம் படித்த படிப்பு அவ்வளவுதானா என்று அழுகை வந்துவிட்டது.

“எனக்கு எழுத்து வர்ல. நீ படி” என்று கனகராஜிடம் நீட்டினாள்.

அவர் வாங்கிப் பார்த்தார். முதல் பக்கம் பார்த்தார், கடைசிப் பக்கம் பார்த்தார்.

“நீ சரியாத்தான் படிச்ச பூவம்மா” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அன்றோடு பட்டைக் குவியல் நிழலில் பாடம் நின்றது. ஜியாவுதீன் சாயபுவே வந்து, “இன்னாப்பா, ஸ்கூல மூடிட்ட? நான் ஒண்ணும் சொல்லலியே” என்று கேட்டாராம். சட்டம் போட்டுச் சிப்பாய் அனுப்பி அயர்லாந்தில் மூட முடியாததை நான் ஒரு சிவப்புப் பேனாவால் மூடிவிட்டேன்.

8

முடிவுகள். என்னிடம் இரண்டு இருக்கின்றன, இரண்டையும் காட்டிவிடுகிறேன்.

ஒன்று: கனகராஜ் அச்சகத்துக்கு வருகிறார். புத்தகத்தை மேஜைமேல் எறிகிறார். நான் தலைகுனிகிறேன். [அவர் வரவில்லை. ஒரு கடுதாசிகூடப் போடவில்லை. பதினாலு வருஷம் தபால்காரரைப் பார்க்கும்போதெல்லாம் பயந்தவன் நான்.]

இரண்டு: ஆறாம் பதிப்பில் எல்லாம் சரியாகிறது. செருப்புத் தைக்கிறவன் திரும்பி வருகிறான், அட்டையில் அவர் பெயர். [ராஜகோபாலிடம் கேட்டேன். “அஞ்சு பதிப்பா பசங்க தட்டான்னு மனப்பாடம் பண்ணிட்டாங்க. பரீட்சையில கேள்வியே வருது. இப்போ போய் இன்னாத்துக்கு பேஜாரு?” என்றார்.]

9

நடந்தது இது.

முதல் ஏழு பகுதிகளையும் எடுத்துக்கொண்டு ஆம்பூருக்குப் போனேன். ரயில் நிலையத்துக்கு எதிரே டீக்கடையில் கனகராஜ் உட்கார்ந்து படித்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. அதே கிடங்கு, அதே வேலை. தோல் துண்டைப் பார்ப்பதுபோலவே ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். நான் டீயை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

“நல்லா எழுதியிருக்கீங்க சார். நீங்க எப்பவும் நல்லாத்தான் எழுதுவீங்க.”

“ஏதாவது மாத்தணும்னா சொல்லுங்க.”

“இப்ப ‘சொல்லுங்க’ன்றீங்க. அப்ப ‘வை’ன்னீங்க.” சிரித்தார். பிறகு கேட்டார், “அந்த நோட்டு இருக்குதா சார்?”

அச்சுக் கோத்து முடிந்ததும் அச்சகத்துப் பழைய தாள்களோடு தாளாக அது எடைக்குப் போய்விட்டது. சொன்னேன்.

“அது ஒண்ணுலதான் நான் எழுதி வெச்சிருந்தேன். வேற நகல் கெடையாது.”

“தெரியும்.”

“அப்ப ஒண்ணு பண்ணுங்க. இதுல இருந்து என் பேர எடுத்துடுங்க.”

எனக்குப் புரியவில்லை. “அன்னைக்கு உங்க பேர் போடலைங்கறதுதானே நான் செஞ்ச அநியாயம்? இதுல வரிக்கு வரி போட்டிருக்கேனே” என்றேன்.

“அது நான் எழுதின புஸ்தகம். அதுல பேர் கேட்டேன். இது நீங்க எழுதினது. இதுல நான் இன்னா சார், உங்க பாவத்துக்கு சாட்சியா? நாலு பேர் படிச்சுட்டு, ராமமூர்த்திக்கு எவ்ளோ பெரிய மனசு, எப்படி ஒத்துக்கினாரு பாருன்னுவாங்க. அந்தப் பேரும் உங்களுக்கேதான் வரும்.”

பேனாவை எடுத்தேன்.

“வேற என்ன பேர் போடட்டும்?”

“நீங்களே வெச்சுக்குங்க. பழக்கம்தானே” என்றார். தாள்களை ஒழுங்காக அடுக்கி, ஓரத்தைத் தட்டிச் சரிசெய்து, மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஆகவே வாசகரே, கனகராஜ் என்பது நான் வைத்த பெயர். பூவம்மாளும் அப்படித்தான். செருப்புத் தைக்கிறவன் ஏஜெண்டிடம் சொல்வதாக மேலே நீங்கள் படித்த பேச்சும் என் ஞாபகத்திலிருந்து நான் எழுதியது. அவர் எழுதிய வாக்கியம் அதைவிட நன்றாக இருந்தது, எப்படி என்று எனக்கு நினைவில்லை.

இதற்கு மேல் ஒரு முடிவு எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஒருவர் எழுதிய முடிவை ஏற்கெனவே அழித்தவன். உங்களுக்கு வேண்டுமானால் நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அதில் அவர் என்னை மன்னித்ததாக மட்டும் எழுதாதீர்கள்.

இந்தக் கதையும் அச்சுக்குப் போகிறது. ஆசிரியர் பெயர் போடும் இடத்தில் என் பெயர்தான் வரும்.